முதலில் மருந்தா, கதிர்வீச்சா? மூளைக்குப் பரவிய மெலனோமாவில் ஒரு குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகள்

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் மூளைக்குப் போய்விட்டது என்று எம்ஆர்ஐ காட்டிய அதே வாரத்தில் குடும்பத்தின் முன் ஒரு கேள்வி வந்து நிற்கும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட டிரிப் மூலம் ஏற்றும் இம்யூனோதெரபியில் தொடங்குவதா, மூளையில் புள்ளிகளாகத் தெரியும் கட்டிகளுக்கு முதலில் கதிர்வீச்சு கொடுத்துவிடுவதா? சிலருக்கு மாத்திரை என்ற வழியும் உண்டு. இன்னும் சிலருக்கு அறுவை சிகிச்சையும் பேச்சில் வரும். ஆஸ்திரேலியாவில் பல குடும்பங்கள் இந்தப் பேச்சைக் கடந்து வந்திருக்கின்றன. அங்கே கண்டறியப்படும் புற்றுநோய்களில் மெலனோமா மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இந்தத் தேர்வுகளைச் சோதித்த முக்கியமான ஆய்வுகளில் சில அங்கேயே நடந்தவை. அதனால் அந்த நாட்டு நிலவரத்தை வைத்தே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையில் இருப்பவை சிறிய புள்ளிகள், நோயாளிக்குத் தலைவலியோ வலிப்போ தடுமாற்றமோ இல்லை, ஸ்டீராய்டும் வாங்கவில்லை என்றால், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் இரட்டை இம்யூனோதெரபியை முதலில் எடுத்துக் கதிர்வீச்சைக் கையிருப்பில் வைப்பதே நல்லது. அறிகுறிகள் தொடங்கிவிட்டால் வரிசையே மாறும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள் நிறையப் பேர். அவர்கள் விஷயத்தில் வீட்டின் நிலைமைக்கும் முடிவில் பங்கு உண்டு. ராத்திரி பக்கத்தில் யார் இருப்பார், வண்டி ஓட்ட யார் இருக்கிறார், மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் மருத்துவர் தானாகக் கேட்பார் என்று காத்திருக்க முடியாது. சதவீதங்களை அவர் சொல்லிவிடுவார். வீட்டைப் பற்றி நாம்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை மருத்துவரின் இடத்தில் நின்று எழுதியது அல்ல. அவர் அறைக்குள் போகும் முன் குடும்பம் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்காக எழுதியது.

2011க்கு முன் இப்படி ஒரு ஒப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது. தனியாக ஒரே கட்டி இருந்தால் அறுவை, இல்லையென்றால் கதிர்வீச்சு, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு, அப்புறம் சில மாதங்கள். அவ்வளவுதான். அந்த ஆண்டு மார்ச்சில் இபிலிமுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014இல் பெம்ப்ரோலிசுமாப்பும் நிவோலுமாப்பும் வந்தன. மறு ஆண்டே இந்த மருந்துகளை ஊரெல்லாம் அறியச் செய்தவர் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். மெலனோமா மூளைக்கும் பரவியிருக்கிறது என்று 2015 ஆகஸ்டில் அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். அப்போது அவருக்கு வயது 90. நான்கு புள்ளிகளுக்குக் கதிர்வீச்சு, கூடவே பெம்ப்ரோலிசுமாப். டிசம்பரில் ஸ்கேனில் புற்றுநோய் தெரியவில்லை என்று அறிவித்தார். 2024 டிசம்பர் 29 அன்று நூறு வயதில் காலமானார்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் ஒருவராவது கார்ட்டர் கதையைச் சொல்லாமல் போகமாட்டார். நல்ல கதைதான், ஆனால் அதை வைத்து முடிவெடுக்க முடியாது. அவருடைய புள்ளிகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். இரண்டு இம்யூனோதெரபி மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு அந்த ஆகஸ்டில் அங்கே அனுமதிகூட வந்திருக்கவில்லை. கதிர்வீச்சா மருந்தா, எது எவ்வளவு வேலை செய்தது என்று அவர் ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்லவும் வழியில்லை.

2006 முதல் 2015 வரை மூளைப் பரவல் கண்டறியப்பட்ட மெலனோமா நோயாளிகளை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். வயது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளும் திறன், மூளையில் எத்தனை புள்ளி, உடம்பில் வேறெங்காவது பரவியிருக்கிறதா, கட்டியில் பிராஃப் (BRAF) என்ற மரபணுவின் மாற்றம் இருக்கிறதா என்ற ஐந்தையும் கொண்டு நோயாளிகளைப் பிரித்தபோது, மோசமான பிரிவில் பாதிப்பேர் வாழ்ந்த காலம் 4.9 மாதங்களைத் தாண்டவில்லை. நல்ல பிரிவில் அதே அளவு 34.1 மாதங்கள். நோயின் பெயர் ஒன்றுதான், ஆனால் இடைவெளி இவ்வளவு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன கொடுத்தார்கள் என்பது உங்களுக்கு உதவாது. இந்த ஐந்தும் உங்கள் வீட்டு நோயாளிக்கு எப்படி என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இப்போது ஸ்டீராய்டு எவ்வளவு போகிறது.

இரட்டை இம்யூனோதெரபி

இபிலிமுமாப், நிவோலுமாப் இரண்டையும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை சேர்த்து ஏற்றுவார்கள். அதன்பின் நிவோலுமாப் மட்டும் தொடரும். மூளைப் பரவலில் இதற்கு இரண்டு ஆய்வுகள் அடித்தளம். அமெரிக்காவில் நடந்த 'செக்மேட் 204' ஆய்வில், அறிகுறி இல்லாதவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோருக்கு மூளைக் கட்டிகள் சுருங்கின அல்லது மறைந்தன. மூன்று ஆண்டுகள் கழித்து அவர்களில் 72 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் ஜார்ஜினா லாங் தலைமையில் நடந்த 'ஏபிசி' ஆய்வு இரட்டை மருந்தையும் ஒற்றை மருந்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. 2018இல் வெளியான முடிவுப்படி, இரண்டும் சேர்ந்தபோது 46 சதவீதத்தினருக்கு மூளையில் பலன் கிடைத்தது, நிவோலுமாப் மட்டும் வாங்கியவர்களில் 20 சதவீதத்தினருக்கு. ஐந்தாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முறையே 51 சதவீதம், 34 சதவீதம். ஏபிசியின் இந்த இரண்டு பிரிவினரில் யாருக்கும் ஆய்வில் சேரும் முன் மூளையில் கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். முதலில் மருந்து என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்த எண்கள்தான். பலன் கிடைத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அது நீடிக்கிறது.

அதே ஆய்வுகளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. அறிகுறி உள்ளவர்கள், ஏற்கெனவே கொடுத்த கதிர்வீச்சு கைவிட்டவர்கள், மூளையைச் சூழ்ந்த சவ்வில் நோய் பரவியவர்கள் என்று ஏபிசியில் ஒரு பிரிவு. அவர்களுக்கு நிவோலுமாப் மட்டும் கொடுத்தார்கள். பலன் 6 சதவீதம். செக்மேட் 204இல் அறிகுறி உள்ளவர்களுக்கு இரட்டை மருந்தே கொடுத்தும் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. இந்த மருந்து உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு வேலை வாங்குகிறது, அதற்கு நாளாகும். மூளை வீங்கி நிற்பவருக்குக் காத்திருக்க அவகாசமில்லை. வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு அதே எதிர்ப்புச் சக்தியை அடக்கவும் செய்யும். டெக்ஸாமெத்தசோன் 4 மில்லிகிராம் என்பது பிரெட்னிசோலோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டின் ஏறக்குறைய 25 மில்லிகிராமுக்குச் சமம். இம்யூனோதெரபி ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரெட்னிசோலோன் 10 மில்லிகிராமுக்கு மேல் வாங்குபவர்களைச் சேர்ப்பதே இல்லை. அதற்காக வீட்டில் யாரும் ஸ்டீராய்டைத் தாங்களாகக் குறைத்துவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகும். எவ்வளவு சீக்கிரம், எந்தக் கணக்கில் குறைக்கப் போகிறார்கள் என்பதை மருத்துவரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

சரி, இதற்கு வீடு என்ன விலை கொடுக்கிறது? இரண்டு ஆய்வுகளிலும் இரட்டை மருந்து வாங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் வந்தன. ஒற்றை மருந்தில் அது ஏபிசியில் 16 சதவீதம். எதிர்ப்புச் சக்தி சொந்த உறுப்புகளையே தாக்கத் தொடங்குவதால் வருவது இது. குடல் அழற்சி, கல்லீரல் அழற்சி, தைராய்டு கெடுவது, நுரையீரல் அழற்சி, அரிதாக இதயத் தசை அழற்சி. பேதி ஆரம்பித்தால் வழக்கம்போல லோபராமைடு போட்டுவிட்டு "காலையில் பார்க்கலாம்" என்று படுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய ஆபத்து. குடல் அழற்சி என்றால் அதற்கு உடனே ஸ்டீராய்டு தேவை, தாமதித்தால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகலாம். கடைசி டிரிப் முடிந்து பல மாதங்கள் கழித்தும் இது வரலாம் என்பதால் "மருந்துதான் நின்றுவிட்டதே" என்று அலட்சியம் வேண்டாம்.

மூளைப் பரவல் உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு குழப்பம் உண்டு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் இந்த மருந்தால் அழற்சி வந்தால் புதிதாகத் தலைவலி, அசாத்திய சோர்வு, வாந்தி உணர்வு எல்லாம் வரும். குடும்பம் உடனே கட்டி வளர்ந்துவிட்டது என்று நினைத்து நொறுங்கிப்போகும். ஒரு ரத்தப் பரிசோதனையும் எம்ஆர்ஐயும் எது என்று பிரித்துச் சொல்லிவிடும். சுரப்பி கெட்டிருந்தால் வாழ்நாள் முழுக்க ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை வேண்டியிருக்கும், காய்ச்சல் வரும் நாட்களில் அளவைக் கூட்டிக்கொள்ளப் பழக வேண்டும். தொல்லைதான், ஆனால் கட்டி வளர்வதோடு ஒப்பிட்டால் தாங்கிக்கொள்ளக் கூடிய தொல்லை.

மருத்துவமனையில் இம்யூனோதெரபி எச்சரிக்கை அட்டை ஒன்று கொடுப்பார்கள். அதை நோயாளியின் பையில் மட்டும் போடாதீர்கள், வீட்டில் எல்லோரும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் முதல் வாக்கியமே "இவர் கீமோவில் இல்லை, இம்யூனோதெரபியில் இருக்கிறார்" என்பதாக இருக்கட்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

இந்தப் பக்கவிளைவுகளுக்குப் பயந்து ஒற்றை மருந்தை எடுக்கலாமா? எண்களை மட்டும் பார்த்தால் எடுக்கக் கூடாது. ஆனால் தனியாக வாழும் 84 வயது அம்மா, ஏற்கெனவே தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர், அருகில் 24 மணிநேர மருத்துவமனை இல்லாத ஊர் என்று வரும்போது, நிவோலுமாப் மட்டும் என்பதும் மதிக்கத்தக்க முடிவுதான். நடு இரவில் பேதி தொடங்கினால் கவனித்து அழைத்துப் போக ஆள் இல்லாத வீட்டில், பாதிப்பேருக்குக் கடுமையான பக்கவிளைவு தரும் மருந்தைத் தொடங்குவதைக் குறைந்தபட்சம் இருமுறை யோசிக்க வேண்டும்.

மாத்திரைகள்

தோல் மெலனோமாக்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவற்றில் பிராஃப் மரபணு மாற்றம் இருக்கும். அது இருந்தால்தான் டாப்ராஃபெனிப், டிராமெடினிப் என்ற மாத்திரை ஜோடிக்குப் பொருள் உண்டு. 2017இல் வெளியான 'காம்பி-எம்பி' ஆய்வில், அறிகுறி இல்லாதவர்களில் 58 சதவீதத்தினருக்கு மூளையில் கட்டி சுருங்கியது. அறிகுறி உள்ளவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு. இம்யூனோதெரபி தோற்கும் இடத்தில் மாத்திரை ஜெயிக்கிறதே என்று தோன்றும். அந்த வெற்றிக்கு ஆயுள் குறைவு. பலன் நீடித்த காலத்தின் இடைநிலை அளவு ஆறரை மாதங்கள், அறிகுறி உள்ளவர்களுக்கு இன்னும் குறைவு. அப்புறம் கட்டி மாத்திரையைத் தாண்டி வளரப் பழகிவிடுகிறது.

அதனால் வேகமாக வேலை செய்வது மாத்திரை, நீடித்து வேலை செய்வது இம்யூனோதெரபி என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். மூளைப் பரவலுக்கு மட்டும் என்றில்லாமல், பிராஃப் மாற்றமுள்ள பரவிய மெலனோமாவில் எதை முதலில் கொடுப்பது என்று அமெரிக்காவில் 'டிரீம்செக்' ஆய்வு நேரடியாகச் சோதித்தது. இரட்டை இம்யூனோதெரபியில் தொடங்கியவர்களில் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் 72 சதவீதம், மாத்திரையில் தொடங்கியவர்களில் 52 சதவீதம். நோயாளி நிலைகுலைந்து படுத்திருக்கும்போது மட்டும் சில மருத்துவர்கள் மாத்திரையைப் பாலமாகப் பயன்படுத்துவார்கள். சில வாரங்கள் கொடுத்துக் கட்டியைச் சுருக்கி, ஸ்டீராய்டைக் குறைத்து, பிறகு இம்யூனோதெரபிக்கு மாற்றுவது. எனக்குப் பிடித்த வழி இது. ஆனால் மாத்திரையில் நன்றாக இருப்பவரை எந்த வாரத்தில் மாற்றுவது என்பது எளிதான கேள்வி அல்ல. அன்றைக்கு குடும்பத்தில் யாருக்குமே மாற்ற மனம் வராது. இரண்டு வாரத்தில் எழுந்து நடந்துவிட்டாரே, ஏன் கையை வைக்க வேண்டும் என்பார்கள். மாற்றும் தேதியை மாத்திரை தொடங்கும் நாளிலேயே பேசிவிடுவது நல்லது.

மாத்திரைதானே, வீட்டிலேயே சாப்பிட்டுவிடலாம் என்பது பாதி உண்மை. டாப்ராஃபெனிப் காலை, மாலை இரண்டு வேளை, டிராமெடினிப் ஒரு வேளை. சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் முன் அல்லது இரண்டு மணிநேரம் பின். டிராமெடினிப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். ஸ்டீராய்டால் எந்நேரமும் பசிக்கும் ஒருவரை வெறும் வயிற்றில் வைத்திருந்து மாத்திரை கொடுப்பது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். இந்த ஜோடியில் பாதிப்பேருக்காவது காய்ச்சல் வரும், குளிரும் நடுக்கமுமாக. காய்ச்சல் தொடங்கியதும் இரண்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவை அழைப்பதுதான் இப்போது பொதுவாகச் சொல்லப்படும் முறை. காய்ச்சலோடு தொடர்ந்து விழுங்கவைப்பது தவறு.

கறுத்த தோல் உள்ள நமக்கு இங்கே ஒரு விஷயம். மெலனோமா நம்மிடையே அபூர்வம், ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருவது அதிகம். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரல் நகத்தடியில் 1977இல் கண்டறியப்பட்டது. நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவி 1981இல் 36 வயதில் இறந்தார். இந்த வகையில் பிராஃப் மாற்றம் குறைவாகவே காணப்படும், இம்யூனோதெரபியின் பலனும் வெயில் பட்ட தோலில் வரும் மெலனோமாவைவிடக் குறைவு. மேலே சொன்ன சதவீதங்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல் நோயாளிகளிடமிருந்து வந்தவை. நம் வீட்டு நோயாளிக்கு அவற்றை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. மரபணுப் பரிசோதனையில் கிட் என்ற மரபணுவையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கத்தியும் கதிரும்

குறிபார்த்துக் கொடுக்கும் கதிர்வீச்சில், அதாவது ஸ்டீரியோடாக்டிக் முறையில், ஒவ்வொரு புள்ளிக்கும் மட்டும் அதிக அளவு கதிரைச் செலுத்துவார்கள். பிரிஸ்பேனில் பிரின்சஸ் அலெக்ஸாண்ட்ரா மருத்துவமனையிலும் சிட்னியில் மக்குவாரி பல்கலைக்கழக மருத்துவமனையிலும் இதற்கென்றே உள்ள காமா நைஃப் கருவி இருக்கிறது. வேறு பல இடங்களில் வழக்கமான கதிர்வீச்சுக் கருவியான லீனியர் ஆக்சிலரேட்டரிலேயே செய்வார்கள். பெரும்பாலும் ஒரே நாள் வேலை, அன்றே வீடு திரும்பலாம், முடி கொட்டுவதும் பொதுவாக இல்லை. வீட்டுக்கு மிகக் குறைந்த சுமை தரும் சிகிச்சை இதுதான். மூன்று சென்டிமீட்டருக்கு உட்பட்ட, எண்ணிக்கையில் குறைந்த புள்ளிகளை அடக்குவதில் இது நம்பகமானது. குறை என்னவென்றால், கதிர் பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் அது எதையும் செய்யாது. மெலனோமாவில் அடுத்த எம்ஆர்ஐயில் புதிய புள்ளிகள் வேறிடத்தில் முளைப்பது சகஜம். உடம்பின் மற்ற பாகங்களில் இருக்கும் நோய்க்கும் இது பதில் அல்ல.

இன்னொரு சிக்கல் பல மாதங்கள் கழித்து வரும். கதிர் பட்ட இடத்தில் திசு செத்து வீங்குவதும் உண்டு. ஸ்கேனில் அது கட்டி திரும்ப வளர்வதைப் போலவே தெரியும், இம்யூனோதெரபியும் சேர்ந்தவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. அதற்கு ஸ்டீராய்டு, பெவாசிசுமாப் என்ற மருந்து, சில சமயம் அறுவை. "வளர்ந்திருக்கிறதா, செத்த திசுவா என்று சொல்ல முடியவில்லை, எட்டு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்போம்" என்ற பதிலோடு வீட்டுக்குத் திரும்புவது எந்தக் கெட்ட செய்தியையும்விடக் கடினம் என்று பல குடும்பங்கள் சொல்லும். கதிர்வீச்சைக் கையிருப்பில் வைக்கலாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மருந்திலேயே மறைந்துவிடக்கூடிய புள்ளிக்கு இந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்?

இதற்கு எதிராக நிற்கும் கதிர்வீச்சு நிபுணர்களிடமும் நியாயம் இருக்கிறது. மெலனோமாப் புள்ளிகள் ரத்தம் கசியும் சுபாவம் கொண்டவை. பேச்சையோ கை கால் அசைவையோ ஆளும் இடத்தில் ஒரு புள்ளி உட்கார்ந்திருந்தால், மருந்து வேலை செய்கிறதா என்று ஆறு வாரம் காத்திருப்பது சூதாட்டம் என்பார்கள். அந்த இடத்தில் நானும் அவர்கள் பக்கமே. இரண்டையும் ஆரம்பத்திலேயே சேர்த்துக் கொடுப்பது மேலா என்பதைச் சோதிக்கவே ஆஸ்திரேலியக் குழு 'ஏபிசி-எக்ஸ்' என்ற அடுத்த ஆய்வை எடுத்துக்கொண்டது. மருந்தோடு மட்டும் தொடங்கினால், முதல் எம்ஆர்ஐ ஆறு வாரத்துக்குள் இருக்கட்டும். அந்தத் தேதியை உறுதி செய்யாமல் காத்திருப்புக்குச் சம்மதிக்காதீர்கள்.

பெரிய கட்டி, சுற்றிலும் வீக்கம், ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, அல்லது ரத்தம் கசிந்துவிட்டது என்றால் அறுவைதான் முதலில். இதில் விவாதிக்க அதிகமில்லை. 1990இலேயே, மூளையில் ஒரே ஒரு பரவல் உள்ளவர்களுக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் 40 வாரங்களும் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் 15 வாரங்களும் வாழ்ந்தார்கள் என்று அமெரிக்க மருத்துவர் பேட்செலின் குழு காட்டியது. அது எல்லா வகைப் புற்றுநோய்களையும் சேர்த்த கணக்கு. அறுவையின் இன்னொரு லாபம், வீக்கம் இறங்கி ஸ்டீராய்டைக் குறைக்க முடிவது. இம்யூனோதெரபிக்கு அதுவே வாசலைத் திறந்துவிடும். எடுத்த இடத்துக்குப் பிறகு குறிபார்த்த கதிர்வீச்சும் கொடுப்பார்கள்.

மூளை முழுவதற்கும் கதிர்வீச்சு என்ற பழைய முறையைப் பற்றி ஒரு பத்தி போதும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் குழுவினர் முன்னின்று நடத்திய ஆய்வில், ஒன்று முதல் மூன்று புள்ளிகளுக்கு அறுவையோ குறிபார்த்த கதிர்வீச்சோ முடிந்தவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் முழு மூளைக் கதிர்வீச்சையும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டில் புதிய புள்ளிகள் வந்தவர்கள் 42 சதவீதம். கொடுக்காதவர்களில் 50.5 சதவீதம். புள்ளியியல்படி அது வித்தியாசமே அல்ல. முடி உதிர்வும் சோர்வும் நினைவாற்றல் குறைவும்தான் மிச்சம். 2019இல் வந்த முடிவு இது. மூளை முழுக்க எண்ணற்ற புள்ளிகள், சவ்விலும் நோய், மற்ற வழிகள் தீர்ந்துவிட்டன என்ற நிலையில் இன்னும் இதற்கு இடமுண்டு. அதற்கு முன்னால் யாராவது இதைச் சொன்னால் இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள்.

வீட்டுக்குள் வரும் மாற்றங்கள்

எந்த வழியை எடுத்தாலும் இரண்டு மருந்துகள் வீட்டின் மனநிலையை மாற்றும். டெக்ஸாமெத்தசோன் தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், தொடைத் தசையை மெலியவைத்து நாற்காலியிலிருந்து எழவிடாது. அமைதியான மனிதர் அதிகாலை மூன்று மணிக்கு அலமாரியை அடுக்கிக்கொண்டிருப்பார். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் வரவழைக்கும். முப்பது வருஷம் குரல் உயர்த்தாத கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால், மனைவிக்குத் தோன்றுவது "கட்டி இவரை மாற்றிவிட்டது" என்பதுதான். கட்டியாகவும் இருக்கலாம், மாத்திரையாகவும் இருக்கலாம். மாத்திரை என்றால் மாற்றிக் கொடுக்க வேறு மருந்து உண்டு. ஆனால் இதை வெளியே சொல்ல வெட்கப்பட்டுப் பலர் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். நோயாளி பக்கத்தில் இருக்கும்போது சொல்லச் சங்கடமாக இருந்தால், புற்றுநோய்ப் பிரிவின் செவிலியரைத் தனியாகப் போனில் அழைத்துச் சொல்லலாம்.

வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொல்வார்கள். பேருந்து இல்லாத குவீன்ஸ்லாந்து ஊர்களில் இது கட்டியைவிடப் பெரிய சண்டையைக் கிளப்பும். வாரக்கணக்கில் ஒருவர் வேலையை விட்டு ஓட்டுநராக வேண்டியிருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு டிரிப், இடையில் ரத்தப் பரிசோதனை, எம்ஆர்ஐ என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்பவர்களுக்கு குவீன்ஸ்லாந்து அரசு பயண உதவித்தொகை தருகிறது, மற்ற மாநிலங்களிலும் இதுபோல உண்டு. மருந்துச் செலவைப் பொறுத்தவரை, தகுதி உள்ளவர்களுக்கு இந்த மருந்துகளின் விலையில் பெரும்பகுதியை ஆஸ்திரேலிய அரசின் மருந்து மானியத் திட்டம் ஏற்கிறது. ஆகவே அங்கே குடும்பத்தின் தேர்வைப் பணத்தைவிடத் தூரம்தான் அதிகம் பாதிக்கிறது.

அங்கே வாழும் தமிழ்க் குடும்பங்களில் "அப்பாவுக்குச் சொல்லவேண்டாம், மனசு உடைஞ்சுடுவார்" என்ற பேச்சு வரும். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இரட்டை இம்யூனோதெரபியை எடுத்துக்கொண்டு இந்த ரகசியத்தைக் காப்பாற்ற முடியாது. எந்த அறிகுறியை உடனே சொல்ல வேண்டும் என்று நோயாளிக்கே தெரிந்திருந்தால்தான் அந்த மருந்து பாதுகாப்பானது. வயிற்றுக் கோளாறுக்கு ஏதோ ஊசி என்று நம்பிக்கொண்டிருப்பவர் பேதியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். அங்குள்ள மருத்துவர்களும் நோயாளியிடம்தான் முதலில் பேசுவார்கள், சம்மதமும் அவருடையதே. பிள்ளைகளை மொழிபெயர்க்கவைக்காமல் மருத்துவமனையின் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அரசு மருத்துவமனைகளில் இலவசம். அம்மாவின் ஆயுளைப் பற்றிய வாக்கியத்தை ஒரு மகன் தன் வாயால் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

சிகிச்சையே வேண்டாம் என்பதும் ஒரு தேர்வு. முதல் வரிசை மருந்து தோற்று, படுக்கையை விட்டு எழ முடியாத நிலையில், அடுத்த மருந்தின் பலன் மிகச் சிறிது என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொன்னால், மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைவதை நிறுத்துவது தோல்வி அல்ல. வலியையும் வலிப்பையும் வாந்தியையும் கட்டுப்படுத்தும் பேலியேட்டிவ் குழுவைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடுகிறவர்கள்தான் அதிகம். இம்யூனோதெரபி தொடங்கும்போதே அவர்களையும் அறிமுகம் செய்துகொள்ளலாம், ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. வலிப்பு வந்தால் வீட்டிலேயே கொடுக்க மிடாசோலம் வைத்துக்கொள்வது எப்படி என்று கற்றுத்தருவதும் அவர்களே.

முதல் டிரிப்புக்கு முன் செய்ய வேண்டிய காகித வேலையும் இருக்கிறது. மூளையில் நோய் இருப்பவருக்கு முடிவெடுக்கும் தெளிவு என்றைக்குக் குறையும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது குறைந்த பிறகு போடும் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. தனக்காக யார் முடிவெடுக்கலாம் என்ற நீடித்த அதிகாரப் பத்திரத்தையும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்கூட்டிய விருப்ப ஆவணத்தையும் தெளிவாக இருக்கும் நாளிலேயே முடித்துவிடுங்கள். ஆஸ்திரேலியாவில் இன்னொன்றும் உண்டு. 24 மாதங்களுக்குள் மரணம் நேரலாம் என்று இரண்டு மருத்துவர்கள் சான்று கொடுத்தால், ஓய்வூதிய நிதியை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளலாம். வேலையை விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வாழ்க்கைத்துணைக்கு அந்தப் பணம் பெரிய உதவி. நம்பிக்கையோடு மருந்து தொடங்கும் வாரத்தில் இப்படி ஒரு சான்றைக் கேட்பது அபசகுனம்போலத் தோன்றி, பல வீடுகளில் யாரும் கேட்பதே இல்லை. சான்று கொடுப்பதால் மருத்துவர் கைவிட்டுவிட்டார் என்று பொருள் இல்லை, சிகிச்சையும் அதனால் மாறாது. மருத்துவரிடம் நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் சொல்லுங்கள். விண்ணப்பப் படிவத்திலிருந்து பயண உதவித்தொகை வரை எல்லாம் அவர் மேசையில்தான் இருக்கும்.